ரோபோ மாடல் கிட்: வெட்டிய இடம் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: 1/144 அளவு (144-ல் ஒரு பங்கு) ரோபோ பிளாஸ்டிக் கிட்டில் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டிய இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு விழுகிறது. எப்படித் தவிர்ப்பது? கட்டி முடித்ததும் கிட் தரமானதா என்று எதை வைத்துச் சொல்வது?

பாகத்தை ஒட்டி ஒரே வெட்டில் எடுப்பதுதான் காரணம். நிப்பரின் (வெட்டும் குறடு) அலகு ஆப்பு மாதிரி இறங்கும்போது பிளாஸ்டிக் இழுபட்டு நுண்விரிசல் விடும். அது ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. கருநீலப் பாகங்களில் பளிச்சென்று தெரியும், வெள்ளைப் பாகத்தில் கண்ணிலேயே படாது.

இரண்டு முறை வெட்டுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி. பாகம் தனியாகக் கைக்கு வந்தபின், நிப்பரின் தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்த்திருக்க, அரை மி.மீ. விட்டு அடுத்த வெட்டு. மிச்சக் குமிழைக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவி, 600, 800, 1000 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேயுங்கள். லேசாக வெளுத்திருந்தால் நகத்தால் அழுத்தித் தேய்த்தாலே பெருமளவு மங்கிவிடும்.

தரம் பார்க்க, நான் முதலில் கணுக்காலைத்தான் பார்ப்பேன். கால்களை அகட்டி நிறுத்தும்போது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும். அடுத்து, துப்பாக்கியை நீட்டிப் பிடிக்க வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தோள் தொங்கினால் மூட்டு தளர்வு. முன்கையின் இரு பாதிகள் சேரும் கோடு நடுவில் ஓடாமல் விளிம்பில் மறைந்திருந்தால் நல்ல வடிவமைப்பு.

தளர்ந்த பந்து மூட்டில் சூப்பர் க்ளூவை மெல்லியதாகப் பூசி, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஏபிஎஸ் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) மூட்டுகளில் எனாமல் கோட்டு மை (பாகத்தின் பள்ளக் கோடுகளை எடுத்துக்காட்டும் மை) வழியவிடாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பாகம் அந்த மையின் கரைப்பான் பட்டால் விரிசல் விடும்.