குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறதாமே, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாமா?

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 46. ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை, காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றபடிதான். பத்து மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது, கொஞ்சம் நடந்தால் குறைகிறது, சாயங்காலம் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டதில் ஒரு மாதம் நன்றாக இருந்தது, இப்போது பழைய கதைதான். இன்னொரு ஊசி போடலாமா, அல்லது அந்த எலும்பை வெட்டி எடுத்துவிடலாமா? சுகர், பிரஷர் இல்லை.
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த எலும்பை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் முள் போல வளர்ந்த இதே எலும்பு இருக்கும், வலியால் துடிக்கிற பலருக்கு இருக்காது. ஆகவே அதை வெட்டினால் வலி போய்விடும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் சொல்கிற அந்த ‘முதல் அடி’ வலியை வைத்தே இது பிளான்டார் ஃபேஷியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் நார்ப்பட்டையில் வரும் வலி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், இதற்கு எக்ஸ்ரேகூடத் தேவைப்படுவதில்லை.

குதிகால் எலும்பின் அடியில் புறப்பட்டு விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, பாதத்தின் வளைவை வில்லுக்கு நாண் போல இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். மணிக்கணக்கில் கிரானைட் தரையில் நிற்பது, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, தட்டைப் பாதம் என்று எது கூடினாலும் குதிகாலில் அது ஒட்டும் இடத்தில் இழுவிசை ஏறுகிறது. நாள்பட்ட வலிக்காரர்களுக்கு அறுவையில் எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அங்கே அழற்சியைவிட நார் நைந்துபோனதுதான் அதிகம் தெரிந்தது. அழற்சியைக் குறைக்கிற வலி மாத்திரை இரண்டு நாள் கேட்டுவிட்டு அப்புறம் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அதை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

சரி, என்ன செய்வது? இரண்டே இரண்டு பயிற்சி சொல்கிறேன், இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் போதும். ஒன்று, காலையில் கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால் அந்தப் பட்டை விறைப்பாகத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். 10 விநாடி பிடித்து விடுங்கள், இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கடையிலும் சாப்பாட்டு இடைவேளையில் செய்துவிடலாம்.

இரண்டாவது கொஞ்சம் கஷ்டமானது. படிக்கட்டின் விளிம்பில் நின்று, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து (விரல்கள் மேல்நோக்கி மடங்கி இருக்க வேண்டும், அதுதான் இதில் விஷயம்), சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்துங்கள். ஏற மூன்று விநாடி, மேலே இரண்டு விநாடி, இறங்க மூன்று விநாடி. தாங்கினால் வலது காலில் மட்டும், இல்லையென்றால் ஆரம்பத்தில் இரண்டு காலிலும். 12 முறை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமாகிவிட்டால் முதுகில் புத்தகப் பையை மாட்டி எடையைக் கூட்டலாம். 2014-ல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வில், இப்படிச் செய்தவர்கள் வெறுமனே நார்ப்பட்டையை இழுத்துவிடும் பயிற்சி செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் நின்று பிழைக்கிறவருக்கு அந்த ஒன்பது மாதம் சும்மா இல்லையே. செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் வலி கூடினால் மட்டும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

செருப்பு விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்துங்கள். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பூஜை அறைக்கும் சமையலறைக்கும் செருப்பா என்று மாமியார் முகம் சுளிக்கலாம், துவைத்த தடித்த சாக்ஸுக்குள் சிலிக்கான் ஹீல் கப் (குதிகாலுக்கான சின்ன மெத்தை) வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கால் அளவெடுத்துச் செய்கிற ஆயிரக்கணக்கான ரூபாய் இன்சோல்தான் வேண்டும் என்பதில்லை, பெரும்பாலானோருக்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் இன்சோலே அந்த வேலையைச் செய்துவிடும். அப்புறம், வேலை நேரத்தில் உட்கார இடம் கேளுங்கள். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அது சலுகை அல்ல, கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி ஊசி. உங்களுக்கு ஒரு மாதம் கேட்டதில் ஆச்சரியம் இல்லை, ஸ்டீராய்டு ஊசியின் பலன் பெரும்பாலும் அவ்வளவு நாள்தான், ஆஸ்திரேலியாவில் 2012-ல் செய்த ஆய்வொன்றிலும் நாலு வாரத்துக்குப் பிறகு வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மீண்டும் மீண்டும் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், அரிதாக அந்த நார்ப்பட்டையே அறுந்துபோகலாம். இரண்டாவது ஊசியை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்தும் அசையவில்லை என்றால் அடுத்து நான் பார்ப்பது குதிகாலில் அதிர்வலைகளைச் செலுத்துகிற ஷாக்வேவ் சிகிச்சைதான், வாரம் ஒன்றாக மூன்று முறை கொடுப்பது வழக்கம், கொடுக்கும்போது வலிக்கும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடுகிற பி.ஆர்.பி. ஊசிக்கு ஆய்வு முடிவுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன, விலையும் ஜாஸ்தி, அதனால் நானாக யாரிடமும் வற்புறுத்துவதில்லை.

ஆபரேஷன் கடைசிக் கதவு. அதில் முக்கியமாகச் செய்வது நார்ப்பட்டையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்துவது, அதிகமாக வெட்டினால் பாத வளைவு இறங்கிவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை முறையான சிகிச்சை எடுத்தும் தீராதவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு. உங்களுக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது, ஆனால் அந்தப் பத்து மாதத்தில் சிகிச்சை என்று நடந்தது ஒரே ஒரு ஊசிதானே. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கத்தி படாமலே சரியாகிவிடுகிறது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் கடுமையாக வலிக்கிறதா, ஓய்வாக இருக்கும்போதும் ராத்திரியிலும் வலிக்கிறதா? அப்படியானால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம், பயிற்சியை ஆரம்பிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 61, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். குதிவாதத்துக்கு எருக்க இலையைச் சூடான செங்கல்மேல் வைத்து மிதித்தால் போய்விடும் என்கிறார்கள், செய்யலாமா?
– வாசகர், தேனி

பதில்: வேண்டவே வேண்டாம். இவ்வளவு வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி உங்களுக்கே தெரியாமல் குறைந்திருக்கலாம், செங்கல் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் எங்கே போய் முடியும் என்று உங்கள் டாக்டரைக் கேட்டால் சொல்வார். வெந்நீர் ஒத்தடமும் அதே கணக்குதான். மேலே சொன்ன பயிற்சிகளை நீங்களும் செய்யலாம், ஆனால் அதற்கு முன் பாதத்தின் உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட நேர்ந்தால் சில நாள் சர்க்கரை எகிறும், அதனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எரிச்சலும் மதமதப்பும்தான் அதிகம் என்றால் பிரச்சினை நரம்பில் இருக்கக்கூடும், அதற்கு மருந்து வேறு.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது, எழுந்து நடமாடினால்தான் சரியாகிறது. செருப்பு மாற்றியும் பலனில்லை.
– வாசகி, சேலம்

பதில்: இது செருப்பால் வந்ததாகத் தெரியவில்லை. இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிற இடுப்புப் பிடிப்பும் சேர்ந்திருந்தால் முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் வாத நோயான ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். எலும்பு டாக்டரிடம் அல்ல, மூட்டுவாத நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம் கூட்டிப்போங்கள். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைப் பார்க்கும் எச்.எல்.ஏ. பி27 ஆகிய ரத்தப் பரிசோதனைகளும், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுக்கு எம்.ஆர்.ஐ.யும் எழுதித் தருவார். கண் சிவந்து வலித்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பதே அதுவாக இருக்கும்.