பாட்டில்லாத ஹூலாவும் பிளாஸ்டிக் பாவாடையும்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் என் பேத்தி ஹவாய்த் தீவுகளின் ஹூலா ஆடுகிறாள். பச்சைப் பிளாஸ்டிக் நாரில் பாவாடை வேண்டுமாம். பாட்டு கிடையாது, கீபோர்டு இசை மட்டும். இது அசல் ஹூலாதானா?
– ஒரு பாட்டி, குன்னூர்

பதில்: மலை ஏறும்போது தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பாவாடை எப்படித்தான் சோதனைச் சாவடியைத் தாண்டியதோ!

ஹவாய்க்காரர்களின் பழைய உடுப்பு, மரப்பட்டையை ஊறவைத்து அடித்துச் செய்த 'கபா' துணி. இலைகளைக் கட்டிக்கொண்டு ஆடுவதும் உண்டு. புல் பாவாடையோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து, அதாவது இன்றைய கிரிபட்டியிலிருந்து, கூலி வேலைக்கு வந்தவர்களோடு வந்தது. சுருக்கம் வைத்த பருத்திப் பாவாடையே தைத்துக் கொடுங்கள். இன்று ஹூலா பயிலும் பெண்கள் கட்டுவதும் அதுதான்.

பாட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹூலாவில் சொல்லுக்குத்தான் கை. பதத்துக்கு அபிநயம் பிடிப்போமே, அதுபோல. மழை, மலை, பூ என்று பாடகர் சொல்லச் சொல்லக் கைகள் அதைக் காட்டும். தாளத்தைக் காலும் இடுப்பும் பார்த்துக்கொள்ளும். பழைய முறையில் கிதார்கூடக் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு சுரைக்குடுக்கைகளைத் தரையில் மோதியும் விரல்களால் தட்டியும் ஒருவர் பாடுவார். சில ஆட்டங்களுக்குச் சுறாத்தோல் போர்த்திய முழவு.

கோத்தகிரியில் பாட்டு ஆசிரியையாக இருந்தபோது நானும் இந்தத் தவற்றைச் செய்தவள்தான். ஏதோ ஒரு கிதார் ஒலிநாடாவைப் போட்டு, பன்னிரண்டு பிள்ளைகளையும் கைகளை அலைபோல ஆட்டச் சொன்னேன். ஐந்து நிமிடமும் அலைதான். கரை வரவே இல்லை.

கிறிஸ்தவத்தைத் தழுவிய அரசி காஹுமானு, 1830இல் பொது இடத்தில் ஹூலா ஆடத் தடை விதித்தார். 1883இல் மன்னர் கலாகவுவா தம் முடிசூட்டு விழாவிலேயே அதை ஆடவைத்தார். இடைப்பட்ட அரை நூற்றாண்டு ஹூலா பிழைத்துக் கிடந்தது, பாட்டுகள் சிலருக்கு மனப்பாடமாக இருந்ததால்தான் என்பேன். அந்தப் பாட்டையே கழற்றிவிட்டுப் பாவாடைக்கு அலைகிறோம்!

நான்கு வரியானாலும் ஒரு ஹவாய்ப் பாட்டைப் பொருளோடு தேடித் தரும்படி ஆசிரியையிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 'தீவு நடனம்' என்று அறிவிக்கட்டும், ஹூலா என்று வேண்டாம். பேத்திக்குப் பாவாடைக்குள் ஒரு கம்பளிக் கால்சட்டை போட்டுவிடுங்கள். ஹொனலுலுவில் அந்தத் தொல்லை இல்லை, குன்னூரில் உண்டு.