தோல் ஏட்டை எப்படி விவரிச்சு எழுதுறது?

கேள்வி: மாட்ரிட்ல பழைய சாமான் கடைல பாட்டு எழுதின பெரிய தோல் ஏடு ஒண்ணு வாங்கினேன். லத்தீன், சதுரம் சதுரமா இசைக்குறி (நோட்டு). கடைக்காரர் '14-ம் நூற்றாண்டு'ன்னு சீட்டு கொடுத்தார். நூலகத்துக்குக் கொடுக்கலாம்னா விவரம் எழுதித் தரச் சொல்றாங்க. என்ன எழுதுறது?

பதில்: அந்தச் சீட்டை நம்பாதீங்க, ஆனா கிழிச்சும் போட்டுடாதீங்க, எங்க வாங்கினதுங்கறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. சதுர நோட்டைப் பாத்தா உடனே 'மத்திய காலம்'னு விலை ஏத்திடுவாங்க. அச்சு வந்து எத்தனையோ காலம் கழிச்சு 1700கள்ல கூட ஸ்பெயின்ல இதே மாதிரி தோல்ல கையாலதான் எழுதினாங்க, ஏன்னா ஒரே புத்தகத்தை ஸ்டாண்டுல வச்சு மொத்த பாடகர் குழுவும் தள்ளி நின்னு பாத்துப் பாடணும். நோட்டு எழுதுற கோடு அஞ்சு இருந்தா பிற்கால ஸ்பெயினோன்னு சந்தேகப்படலாம். அதுக்காக நாலு கோடுன்னா பழசுன்னு முடிவு கட்டிடாதீங்க, இத நான் எத்தனை பேருக்குச் சொல்லிட்டேன், கிரெகோரியன் பாட்டை, அதாவது கத்தோலிக்கக் கோயில்ல பாடுற பழைய லத்தீன் பாட்டை, இன்னிக்கு அச்சடிக்கிறதும் நாலு கோட்டுலதான், கோட்டை எண்ணி வருஷம் சொல்ல முடியாது. உங்களுது நாலு கோடு, அதனால '15–18-ம் நூற்றாண்டு, ஸ்பெயினாக இருக்கலாம்'னு அகலமாவே போடுங்க.

இப்ப நீங்க அனுப்பின போட்டோ. முதல் வரி 'உவெர் நாத்துஸ் எஸ்ட் நோபிஸ்'னு ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி கட்டமா ஒரு ஓட்டை. அங்க இருந்த பெரிய 'P' எழுத்தை, அலங்கார எழுத்தா இருந்திருக்கும், எவனோ வெட்டித் தனியா வித்திருக்கான். முழு வரி 'புவெர் நாத்துஸ்', 'நமக்கொரு குழந்தை பிறந்துள்ளார்'. பின்பக்கம் 'கன்தாத்தே தோமினோ'ன்னு திருப்பாடல் ஒரு வரி வருது, அப்ப இது கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியோட வருகைப் பல்லவி (திருப்பலி தொடக்கத்துல பாடுறது), புத்தகம் கிராடுவல், அதாவது திருப்பலிப் பாட்டுப் புத்தகம். தினமும் குறிச்ச நேரங்கள்ல சொல்ற மணிஜெபத்துக்கான பாட்டுப் புத்தகம் வேற, அதுக்கு ஆன்டிஃபோனல்னு பேர். ரெண்டையும் கலந்து எழுதுறதுதான் கடைக்காரங்க வேலை. சந்தேகம்னா இந்த லத்தீன் பாட்டுகளுக்கு 'கான்டஸ்' (Cantus)னு இலவச டேட்டாபேஸ் இருக்கு, முதல் நாலு வார்த்தையைத் தட்டிப் பாருங்க.

அப்புறம் உயரம், அகலம் மில்லிமீட்டர்ல, உயரம்தான் முதல்ல. பக்கத்துக்கு எத்தனை கோட்டு வரிசை, கோட்டுக்கு என்ன கலர், ஓட்டை எங்கன்னு எழுதுங்க. நூலகப் படிவத்துல 'ஆசிரியர் பெயர்' கட்டாயம்னு நிக்கும், காலியா விட்டா படிவம் சேவ் ஆகாது, எந்தத் துறவியைக் கொண்டு போய் நிறுத்தறது? 'தெரியவில்லை'ன்னு அடிங்க.

ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துக்கோங்க. ஃபிரேம் கடைல லேமினேட் பண்ணித் தரேன்னு சொன்னா ஏட்டை வாங்கிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.