மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. போன வருடம் இரத்தப் புற்றுநோய் (ஏ.எம்.எல்.) வந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ கொடுத்துச் சுகமானார். இப்போது நெஞ்சிலும் முதுகிலும் ஊதா நிறத்தில் கட்டி கட்டியாக வந்திருக்கிறது. நோவும் இல்லை, கடியும் இல்லை. கடைசி இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். அம்மா கிரந்தி என்று எண்ணெய் பூசுகிறார். தொற்றிவிடும் என்று பயந்து தம்பியின் குழந்தையை அவரிடம் விடுவதில்லை. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா, டொக்டர்?
- ஒரு அக்கா, களுவாஞ்சிக்குடி

பதில்: பொறுக்க வேண்டாம் மகள். இந்தக் கிழமையே காட்டுங்கள்.

இரத்தப் புற்றுநோய்க் கலங்கள் சிலருக்குத் தோலுக்குள்ளும் போய்த் தங்கும். ஏ.எம்.எல்.லில் மொனோசைட் (ஒருவகை வெள்ளைக் கலம்) சார்ந்த வகைகளில் இது கூடுதலாக நடக்கும். அவர்களில் சிலருக்குப் பல் முரசும் வீங்கும். தம்பியின் முரசையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் எழுதியதுபோல ஊதாவாகவோ செம்பழுப்பாகவோ, தொட்டால் இறுக்கமாக, பெரும்பாலும் நோவும் கடியும் இல்லாமல் வரும். இரத்தத்திலும், இரத்தம் உண்டாகிற என்பு மச்சையிலும் எதுவும் தெரிவதற்கு முன்னரே தோலில் காட்டுவதும் உண்டு. அதனால் அந்தப் பழைய ரிப்போட்டை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

மழைக்காலம் வந்தால் மட்டக்களப்பில் எல்லோருக்கும் டெங்கு நினைப்புத்தான். ஆனால் டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால் வருகிற சிவப்புப் புள்ளிகள் வேறு. அவை தட்டையாக இருக்கும், அழுத்தினாலும் மறையாது. உங்கள் தம்பிக்கு வந்திருப்பவை மேடாக இருக்கிற கட்டிகள்.

இவ்வளவு சொன்னாலும், இது தோலுக்குள் போன புற்றுநோய்தான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் முடிவு கட்ட மாட்டேன். கிருமித் தொற்று, மருந்து ஒவ்வாமை, ஸ்வீட் சிண்ட்ரோம் (தோலில் வருகிற ஒருவகை அழற்சி நோய்) எல்லாம் இதே மாதிரி வரலாம். தோல் வைத்தியம் பார்க்கிற நானும் வெறும் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. பயொப்சி செய்தே ஆக வேண்டும். விறைப்பு ஊசி போட்டு, சில மில்லிமீற்றர் அளவு தோலை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். தம்பி பயப்படத் தேவையில்லை.

புற்றுநோய்தான் என்று வந்தால், அது திரும்பி வந்ததாகவே வைத்தியர்கள் எடுப்பார்கள். உங்களிடம் அதை மறைக்க எனக்கு மனமில்லை. என்பு மச்சையைத் திரும்பப் பார்ப்பார்கள், சிலருக்கு முதுகுத்தண்டு நீரும் எடுப்பார்கள். மருந்து முழு உடம்புக்கும் போக வேண்டும். கிறீம் பூசியோ கட்டியை வெட்டியோ இது தீராது. ஸ்டெம் செல் (இரத்தத்தை உண்டாக்கும் மூலக் கலம்) மாற்றுச் சிகிச்சை பற்றியும் அப்போது பேச்சு வரலாம்.

அம்மாவோடு கோபப்படாதீர்கள். எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள், போதும். இரத்தப் புற்றுநோய் எந்த வகையிலும் தொற்றாது. புற்றுநோய்க் கட்டியைத் தொட்டாலும் பரவாது. அது தெரியாமல் ஒரு தகப்பனைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல் இருந்தால் மட்டும், தம்பியின் நன்மைக்காகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மகரகம கிளினிக்குக்குப் போன் எடுத்து முந்திய திகதி கேளுங்கள். கிடைக்கச் சுணங்கினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். டயக்னோசிஸ் கார்ட், கடைசி இரத்த ரிப்போட், கட்டிகளைத் திகதியோடு எடுத்த போட்டோக்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். இடையில் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், இரவென்றாலும் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.