பட்டறை மேசை: மோட்டர் சுற்றுகிறது, கோச்சி நகரவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு கடிதங்கள் மாதிரி ரயில் எஞ்சின்களைப் பற்றியவை. முப்பது வருடத்துக்கு மேல் திருகோணமலையில் கைக்கடிகாரம் திருத்தியவன் நான். இப்போது என் மேசையில் கடிகாரங்களைவிடக் குட்டிக் கோச்சிகள்தான் அதிகம். அதனால் நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) டீசல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் மோட்டர் விர்ரென்று சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. மோட்டரை மாற்றவேண்டுமா?
— வாசகர், உப்புவெளி

வேண்டாம். சுற்றுகிற மோட்டரில் கை வைக்காதீர்கள். மேல்மூடியைக் கழற்றினால் மோட்டரின் தண்டில் திருகாணிபோலப் புரி வெட்டிய சின்னத் துண்டு ஒன்று தெரியும். அதுதான் வோர்ம். அதன் கீழே பல் வைத்த சக்கரம் ஒன்று அதைக் கவ்விக்கொண்டிருக்கும். ஒற்றைப் புரி வோர்ம் முழுதாக ஒரு சுற்று வந்தால் கீழே ஒரு பல்தான் நகரும். 30 பல் என்றால் மோட்டர் 30 தடவை சுற்றினால்தான் அந்தச் சக்கரம் ஒரு தடவை சுற்றும். வேகம் குறையும், இழுவை கூடும். விரல் நுனியளவு மோட்டர் ஒரு வரிசைப் பெட்டிகளை இழுப்பது இதனால்தான்.

உங்கள் எஞ்சினில் இரண்டு இடத்தில் சந்தேகப்படலாம். ஒன்று, வோர்ம் தண்டில் பிடியில்லாமல் வழுக்குகிறது. தண்டிலும் வோர்மிலும் நேர்நேராக வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கொஞ்சம் ஓடவிடுங்கள். புள்ளிகள் விலகினால் அதுதான் கோளாறு. மற்றது, சக்கர அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லுச் சக்கரம் வெடித்திருக்கலாம். இரும்பு அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் வருடக்கணக்கில் அந்த இறுக்கத்திலேயே இருந்து, இரண்டு பல்லுக்கு நடுவில் மயிரிழைபோலப் பிளந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். பிளவு முற்றினால் சக்கரம் அச்சில் சும்மா சுற்றும். அதற்கு முன்பே ‘டிக், டிக்’ என்று அது சொல்லத் தொடங்கியிருக்கும். எஞ்சினின் ஓடுசக்கரம் 12 மில்லிமீற்றர் விட்டம் என்றால், தண்டவாளத்தில் ஏறக்குறைய 38 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை அந்தச் சத்தம் வரும். சத்தத்தின் இடைவெளி சக்கரத்தின் சுற்றளவோடு ஒத்துப்போனால், கோளாறு அச்சில் என்று கழற்றாமலே சொல்லிவிடலாம்.

வெடித்ததை ஒட்ட நினைக்காதீர்கள். இந்த வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. மாற்றத்தான் வேண்டும்.

வோர்மும் அதன் சக்கரமும் தேய்ந்துவிட்டன. புதிது எடுக்க என்ன அளவு சொல்லவேண்டும்? பழையதை எப்படிக் கழற்றுவது?
— வாசகர், கந்தளாய்

முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் எடுத்தவர்கள் கைநிறைய உதவாத சக்கரங்களோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். சக்கரத்தின் பல்லை எண்ணி அதோடு 2 கூட்டுங்கள். வேர்னியரால் (நுண்ணிய அளவுகளை அளக்கும் கருவி) அளந்த வெளிவிட்டத்தை அந்தத் தொகையால் வகுங்கள். 30 பல், விட்டம் 12.8 மில்லிமீற்றர் என்றால் 12.8-ஐ 32-ஆல் வகுக்க 0.4 வரும். இதைத்தான் மொடியூல் என்பார்கள், பல்லின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோர்மிலும் சரிபார்க்கலாம்: 0.4 மொடியூலில் ஒரு புரியிலிருந்து அடுத்த புரிக்கு 1.26 மில்லிமீற்றர், ஐந்து இடைவெளி சேர்த்து அளந்தால் 6.3. இவற்றோடு வோர்மின் வெளிவிட்டம், நீளம், தண்டு போகும் துளை, சக்கரத்தின் அச்சுத் துளை எல்லாம் சொல்லவேண்டும்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சங்கில் வலம்புரி, இடம்புரி பார்ப்பதுபோல வோர்மிலும் இரண்டு உண்டு. நிமிர்த்திப் பிடித்தால் புரி வலப்பக்கம் ஏறுவது வலப்புரி, இடப்பக்கம் ஏறுவது இடப்புரி. போன வருடம் எனக்கு ஒருவர் இரண்டு வோர்ம் அனுப்பினார், ஒன்று வலப்புரி, ஒன்று இடப்புரி. அது மோட்டரின் இரண்டு பக்கமும் தண்டு நீண்டு, முன்னும் பின்னும் இழுக்கிற எஞ்சின். பார்க்காமல் பூட்டிவிட்டேன். மின்சாரம் கொடுத்ததும் முன்சக்கரங்கள் முன்னுக்கும் பின்சக்கரங்கள் பின்னுக்கும் இழுத்து, எஞ்சின் நின்ற இடத்திலேயே நடுங்கியது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு இரண்டு வோர்மும் ஒரே புரியாக, ஒரே கணக்காக இருக்கவேண்டும்.

கழற்றும்போது தண்டைச் சுத்தியலால் தட்டவே கூடாது. சிறிய புல்லர் (பற்றி இழுத்துக் கழற்றும் கருவி) வாங்குங்கள். அதிலும் கழன்று வராவிட்டால் பித்தளை வோர்மில் சொல்டரிங் அயனைச் சில விநாடி வையுங்கள். இரும்பைவிடப் பித்தளை அதிகம் விரியும், பிடி தளரும். மோட்டரைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டு வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் அதன் காந்தம் இரும்புத்தூளையெல்லாம் உள்ளே இழுத்துவிடும். புதியதை ஏற்றும்போது தண்டின் மறுமுனையைக் கெட்டியான ஒன்றில் ஊன்றி மெதுவாக அழுத்துங்கள். அந்த அழுத்தம் தண்டோடு நிற்கவேண்டும், மோட்டரின் கூட்டுக்குப் போகக்கூடாது.

அப்புறம்தான் உண்மையான வேலை: பல் எவ்வளவு ஆழமாகக் கவ்வுவது என்பது. ஆழம் கூடினால் மோட்டர் சூடேறும், குறைந்தால் பல் நுனி தேயும். சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளில் ஒரு கீற்று வெட்டி வோர்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வையுங்கள். மெல்ல அழுத்திப் பிடித்து ஆணிகளை முடுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். மிஞ்சும் இடைவெளி போதும். ஆனால் ஒரு இடத்தில் பார்த்து விட்டுவிடாதீர்கள். சக்கரம் துளி கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். கால் சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, நான்கு இடத்திலும் விரலால் ஆட்டிப் பாருங்கள். நான் இதற்கு மட்டும் அரைமணி நேரம் எடுப்பேன்.

வோர்ம் முன்னும் பின்னும் நகரும் இடத்தையும் பாருங்கள். முன்னுக்கு ஓடும்போது ஒரு பக்கமும் பின்னுக்கு ஓடும்போது மறுபக்கமும் அது தள்ளப்படும். இறக்கத்தில் எஞ்சின் குதித்துக் குதித்து வந்தால் மெல்லிய வாஷர் ஒன்று போடுங்கள். முழுக்க இறுக்கிவிடாமல் ஒரு நூலளவு விடுங்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா?
— வாசகர், தம்பலகாமம்

விடாதீர்கள். கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், பித்தளையில் பச்சை பூக்கும். பிளாஸ்டிக்குக்குப் பாதகமில்லாதது என்று எழுதியிருக்கும் கிரீஸை ஊசிமுனையால் தொட்டு வோர்மில் வையுங்கள், அது போதும். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால் முதலில் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல் துலக்கும் தூரிகையும் கொண்டு துடையுங்கள். நம்மூர்க் கடற்காற்றில் இரும்புத் தண்டு சீக்கிரம் கறள் பிடிக்கும். ஓடாத எஞ்சினை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

நிஜக் கோச்சியிலும் வோர்ம் இருக்கிறதா? என் எஞ்சினைக் கையால் தள்ளினால் ஏன் உருளாமல் சறுக்குகிறது?
— பாடசாலை மாணவி, சீனக்குடா

நல்ல கேள்வி, மகள். வோர்ம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தால் வோர்மைச் சுற்ற முடியாது. புரியின் சரிவு அவ்வளவு குறைவு. அதனால்தான் தள்ளும்போது சக்கரம் பூட்டிக்கொள்கிறது. பலமாகத் தள்ளாதீர்கள், பல் உடையும். நிஜ எஞ்சினில் இப்படி இருந்தால், பழுதானதை இன்னொரு எஞ்சின் இழுத்துவர முடியாமல் போய்விடும். 1954-இலிருந்து கனடாவிலிருந்து இலங்கை ரயில்வேக்கு வந்த எம்2 வகை எஞ்சின்களில் டீசல் எஞ்சின் மின்சாரத்தை உண்டாக்கும். அச்சுகளோடு பொருத்திய மோட்டர்கள் சாதாரண நேர்ப் பல்லுச் சக்கரங்களால் அச்சைச் சுற்றும். வோர்ம் கிடையாது.

உங்கள் எஞ்சினை இனி இரண்டு கையாலும் தூக்கி வையுங்கள். சக்கரம் தண்டவாளத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.