நன்கொடை என்றால் ரசீது எங்கே?

கேள்வி: போன மாதம் நெல்லையில் ஓர் அரங்கில் நடந்த நாடகத்துக்கு, ஆளுக்கு 400 ரூபாய் வீதம் இணையத்தில் நான்கு டிக்கெட் எடுத்திருந்தேன். இரண்டாவது வரிசை. 78 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனால், எங்கள் இருக்கை எண்களின் மேல் ‘முக்கிய விருந்தினர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். டார்ச் வைத்திருந்த பையன், “மேலே பால்கனியில் காலியாக இருக்கிறது” என்றான். கோபத்தில் கத்திவிட்டேன். 6.30 மணி நாடகம் 7.40-க்குத்தான் தொடங்கியது. முடிந்து வந்தால் ஊருக்கு பஸ் இல்லை, வாடகைக் கார்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், கவுண்டரில் “இணையத்தில் எடுத்தீர்கள், அங்கே கேளுங்கள்” என்கிறார்கள். டிக்கெட் விற்ற இணைய நிறுவனமோ “அமைப்பாளரைக் கேளுங்கள்” என்கிறது. அமைப்பாளர், “அது அரங்க நிர்வாகத்தின் பொறுப்பு” என்கிறார். இந்த 1,600 ரூபாய்க்காக மல்லுக்கட்டுவதா, கலைக்குக் கொடுத்த நன்கொடை என்று விட்டுவிடுவதா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நன்கொடை என்றால் ரசீது வாங்கினீர்களா அண்ணாச்சி? யாருக்குக் கொடுத்தீர்கள்? அரிதாரம் பூசிக்கொண்டு 70 நிமிடம் திரைக்குப் பின்னால் வியர்த்து நின்றாரே, அந்த நடிகருக்கா? உங்கள் 400 ரூபாயில் அவர் கைக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காசு கொடுத்தீர்கள், சொன்ன இடம் கிடைக்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு நன்கொடை என்று பெயர் சூட்டப் பார்க்கிறீர்கள். ஒரு கிலோ உளுந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு முக்கால் கிலோ நிறுத்துப் போட்டால், மளிகைக்கடைக்காரருக்கு இப்படி நன்கொடை எழுதுவீர்களா?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தத் தாளைப் பற்றிய வரியைத்தான். யோசித்துப் பாருங்கள். அதை ஒருவர் கணினியில் தட்டச்சு செய்திருக்கிறார். அச்செடுத்து, கத்தரித்து, செல்லோடேப் வாங்கி வரச் சொல்லி, எண் தெரியாதபடி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார். நீங்கள் அம்மாவுக்குப் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் நாற்காலி அங்கே கைமாறிக்கொண்டிருந்தது. விற்ற இருக்கை எது, விற்காத இருக்கை எது என்ற பட்டியல் அவர்கள் கையில் இருந்திருக்கும். இருந்தும் ஒட்டினார்கள். ஆகவே ‘தவறு நடந்துவிட்டது’ என்று யாராவது வந்து குழைந்தால் நம்பாதீர்கள். கால் இடறி விழுந்தால் தவறு. டேப் ஒட்டிச் செய்தால் அது முடிவு. அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது: முன்வரிசைக்காரரை எழுப்பினால் நாளைக்கு போன் வரும், டிக்கெட் வாங்கியவரை எழுப்பினால் முணுமுணுத்துவிட்டு மாடியேறுவார். நீங்களும் ஏறினீர்கள், 78 வயது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

அந்த 70 நிமிடத்தைப் பற்றி நீங்கள் விவரம் எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும். சிறப்பு விருந்தினர் வந்து சேர ஒரு அரை மணி நேரம். குத்துவிளக்கின் ஐந்தாவது திரி பற்றிக்கொள்ள இரண்டு நிமிடம். மிச்சமெல்லாம் பொன்னாடை. ஒரு பொன்னாடைக்கு இரண்டு நிமிடம் என்பது நான் பல வருடங்களாக உட்கார்ந்து எண்ணிக் கண்ட கணக்கு: பெயர் வாசிக்க, அவர் எழுந்து வர, போர்த்த, போட்டோக்காரர் இன்னொரு முறை போர்த்தச் சொல்ல. நடுவில் ஒருவர், சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்த சீமை இது என்று பேசியிருப்பார். உண்மைதான்; அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், 1986 வரை அதுவும் நம் மாவட்டம்தான். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் தாமிரசபை நெல்லையப்பர் கோயிலிலும் சித்திரசபை குற்றாலத்திலும் இருப்பதையும் சொல்லியிருப்பார்கள். இவ்வளவு பெருமையைச் சொல்லும் வாயில், அந்த நாடகத்தைப் பார்க்க வந்தவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள் என்ற வார்த்தை மட்டும் வராது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. வேன் வழியில் நின்றுவிட்டதாம். மேடையில் குடமும் இல்லை, உடுக்கையும் இல்லை, குழல்விளக்கைச் சுற்றி ஈசல்தான். ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, காலை நீட்டி உட்கார்ந்தபடியே, என் வீட்டு வரியும் அந்த நோட்டில் இருக்கிறது, என்ன நடக்கிறது என்று மைக்கில் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார். பொருளாளர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்து மைக்கைப் பிடித்தார். வேன் எங்கே நிற்கிறது, மாற்று வண்டி யார் கொண்டு போயிருக்கிறார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், எல்லாவற்றையும் சொன்னார். பானக்காரம் வந்தது. தூங்கிய பிள்ளைகளுக்குப் போர்த்த யாரோ வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்தார்கள். அந்தப் பாட்டி ஒரு டிக்கெட்டும் வாங்கவில்லை. கொடைக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி கொடுத்திருந்தார், அவ்வளவுதான். கொடை முடிந்து எட்டாம் நாள் வரும் எட்டாம் கொடையன்று வரவு செலவை வாசிப்பார்கள் என்பது அந்தப் பொருளாளருக்குத் தெரியும். பாட்டிக்கும் தெரியும்.

உங்கள் அரங்கத்தில் அந்தப் பொருளாளர் யார்? அங்கேதான் சிக்கல். கட்டடம் ஒருவருடையது, வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்துபவர் வேறொருவர், டிக்கெட் விற்பவர் மூன்றாமவர். வசூலிக்கும்போது மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். கேட்கப் போனால் மூன்று திசை. எனக்கே ஒரு முறை, பெயர் வேண்டாம், ஓர் அரங்கில் இடைவேளையின்போது கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில். மேலாளர் அறையில் கேட்டால், அது ஒப்பந்தக்காரரின் வேலை என்றார். அந்த மேலாளரின் மேசை மேலேயே சிரட்டையில் கட்டிய இன்னொரு சாவி கிடந்தது! அதைக் காட்டினேன். “அது எங்களுக்கு” என்றார்.

டார்ச் பையனிடம் கத்தினீர்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் தாள் ஒட்டவுமில்லை, பாஸ் கொடுக்கவுமில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடக்கூட அவனுக்கு அனுமதி இருந்திருக்காது. நாம் கத்துவதற்கென்றே ஒரு பையனை வாசலில் நிறுத்திவிட்டு, பதில் சொல்ல வேண்டியவர்கள் முதல் வரிசையில் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. மல்லுக்கட்ட வேண்டாம், எழுதுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ‘சேவை’ என்பதற்குள் பொழுதுபோக்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இலவசமாகத் தரும் சேவை அதில் வராது. ஒரு வேடிக்கை பாருங்கள்: உங்கள் நாற்காலியில் பாஸில் வந்து உட்கார்ந்தவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை, மாடியேறிய உங்களுக்கு இருக்கிறது. முதலில் மூன்று தரப்புக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். யார் பொறுப்பு என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை. மூவரையும் சேர்த்துவிட்டால் அவர்களே ஒருவர் மேல் ஒருவர் கை காட்டி உண்மையைச் சொல்லிவிடுவார்கள். டிக்கெட், பணம் போனதற்கான குறுஞ்செய்தி, கார் வாடகைக்குச் சீட்டு இருந்தால் அது, எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்திருந்தால் அதை முதலில் வையுங்கள். இணையத்தில் தனியாக வசூலித்த சேவைக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள்.

டிக்கெட் விற்ற இணைய நிறுவனத்துக்கு ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ‘அமைப்பாளரைக் கேளுங்கள்’ என்பது தீர்வு ஆகாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதற்காக இரண்டு வருடம் காத்திருக்காதீர்கள்.

புகார் கொடுத்தால் நாடகக் குழுவின் பிழைப்பு கெடுமே என்று ஒரு தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். குழுவின் மேல் உங்களுக்குப் புகாரே இல்லையே. அரங்கில் காத்திருந்தவர்களுக்கு 70 நிமிடம் போனது. மேடையில் காத்திருந்தவர்களுக்கும் அதே 70 நிமிடம் போனது. கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. வரிசை எண் எழுதியிருக்கிறீர்கள், மணிக்கணக்கு எழுதியிருக்கிறீர்கள், கவுண்டரில் சொன்னது, போனில் சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என்ன நாடகம், எப்படி இருந்தது, பால்கனியிலிருந்து அம்மாவுக்குக் காது கேட்டதா என்று ஒரு வரிகூட இல்லையே? அம்மாவிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.