கோல்ஃப் புல்லுக்கு உரச் சோதனை

கேள்வி: கோல்ஃப் மைதானப் புல்லுக்கு எந்த உரம் நல்லது என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்? பச்சையாக இருந்தால் போதாதா?
– வாசகர், கோவை

பதில்: போதாது. பச்சை நிறம்தான் நம்மை எளிதில் ஏமாற்றும். தழைச்சத்தை (நைட்ரஜனை) அள்ளிப் போட்டால் புல் கருகருவென்று செழிக்கும். ஆனால் வேர் ஆழமாக இறங்காது, நோயும் எளிதில் தொற்றும். குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதியில் புல்லை 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுவதால், அங்கே சிறு பிழையும் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே புல்தரையைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு உரத்தையும் பல பாத்திகளில் சீட்டுக் குலுக்கிய முறையில் இட்டு, உரமே இடாத பாத்திகளையும் ஒப்பீட்டுக்காக விட்டுவைக்கிறார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1920களில் வகுத்த நெறி இது. ஒப்பிட வேண்டியது உர மூட்டையின் எடையை அன்று, சத்தின் எடையை: சதுர மீட்டருக்கு 2 கிராம் தழைச்சத்துக்கு யூரியா சுமார் 4.3 கிராம் போதும், அம்மோனியம் சல்ஃபேட் என்றால் 9.5 கிராம் வேண்டும். பிந்தையது மண்ணை அமிலமாக்கும் என்பதை அதே பண்ணையில் 1856 முதல் நடக்கும் புல்வெளிச் சோதனை கண்கூடாகக் காட்டியிருக்கிறது.

புல் எவ்வளவு வளர்ந்தது என்பதை அறிய, வெட்டிய புல்லைக் காகிதப் பைகளில் சேர்த்து, அடுப்பில் உலர்த்தி எடைபோடுவார்கள். பந்து உருளும் தூரத்தை ‘ஸ்டிம்ப்மீட்டர்’ என்னும் அலுமினியச் சரிவுப் பட்டையால் அளப்பார்கள். வெட்டும் உயரமும் நீரளவும் எல்லாப் பாத்திகளுக்கும் ஒன்றாக இல்லாவிட்டால், கிடைக்கும் வேறுபாடு உரத்தால் வந்ததா, பராமரிப்பால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.